நடுரோட்டில் ஒரு பெருக்கல் குறி

அப்பாவின் எக்ஸ்எல் மொபெட்டில் குட்டி யானை வேன் மோதியது 2024 ஆகஸ்டில், ராத்திரி ஏழேகால் மணிக்கு. திருச்சி–சென்னை நால்வழிச் சாலையில் எங்கள் ஊர்ப் பிரிவுக்கு நேரே மீடியனில் ஓர் இடைவெளி உண்டு. பாதிச் சாலையைக் கடந்து அதில் நின்று, மறுபாதியில் வண்டி வருகிறதா என்று பார்க்க முன்சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே விட்டிருக்கிறார். அவ்வளவுதான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

108 இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. அந்த வகையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தப்பு நடந்தது வேறு இடத்தில். கூடப் போன சித்தப்பா பதற்றத்தில், "வண்டியிலேர்ந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்று சொல்ல, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் அதை அப்படியே எழுதிவிட்டார்கள். மோதிய வண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வரி எங்களை எவ்வளவு தூரம் துரத்தும் என்று அன்றைக்குத் தெரியாது. யாராவது விபத்தில் அடிபட்டுப் போனால், கூடப் போகிறவர் ஏ.ஆரில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். "எழுதும்மா" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." இந்த வாசகம் இல்லாத விபத்துப் புகாரைத் தமிழ்நாட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதுதான் ரஃப் ஸ்கெட்ச், விபத்து நடந்த இடத்தின் வரைபடம். இடத்துக்குப் போகவே இல்லை. போக்குவரத்து நிற்கிறது என்று முந்தின ராத்திரியே இரண்டு வண்டிகளையும் ஸ்டேஷனுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடுகூடப் போடவில்லை.

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். சட்டம் தெரியாது, ஆனால் தாளில் ஒன்று தப்பாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். "மீடியன் எங்க சார்?" என்றேன். "அதெல்லாம் தேவையில்லம்மா" என்றார்.

அந்த நேரத்தில்தான் பந்தோபஸ்து முடிந்து எஸ்.ஐ. மேடம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஸ்கெட்சைப் பார்த்தார், ஏட்டை ஒன்றும் சொல்லவில்லை. "டேப்பை எடுத்துக்கோங்க அண்ணே, போயிட்டு வந்துரலாம்" என்றார். என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

அங்கே அவர் செய்ததை நான் நின்று பார்த்தேன். முதலில் எதையும் தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை. சாலையோரமாகவே நடந்து, தாரில் ஒரு வெள்ளைக் கீறலைக் கண்டுபிடித்தார். எக்ஸ்எல்லின் கால்மிதி உரசிய தடம். அது தொடங்கும் இடத்துக்குக் கிலோமீட்டர் கல்லிலிருந்து ஓர் அளவு, மின்கம்பத்திலிருந்து இன்னோர் அளவு. "வண்டியை எடுத்துடுவாங்க, கல்லை யாரும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு நிலையான இடத்துலேர்ந்து அளந்துட்டா, ஒரு வருஷம் கழிச்சும் இந்தப் புள்ளியைக் காட்டலாம்" என்றார். மீடியன் விளிம்பிலிருந்து அந்தக் கீறல் எழுபது சென்டிமீட்டர். ஏட்டுதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தார். அவர் போட்ட பெருக்கல் குறி நடுரோட்டில் இருந்தது. அதன்படி பார்த்தால் அப்பா கண்மூடித்தனமாகக் குறுக்கே பாய்ந்தவர். எழுபது சென்டிமீட்டர் என்றால், எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

அப்புறம் மேடம் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. மீடியன் இடைவெளியில் போய், எக்ஸ்எல்லில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த அளவுக்குக் குனிந்து நின்று, இடதுபக்கம் செல்போனில் படம் எடுத்தார். படத்தில் சாலையே இல்லை, அரளிதான் தெரிந்தது. எதிர் லைட் கண்ணைக் கூசாமல் இருக்க வைத்த செடி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வருகிற வண்டியை மறைத்து நின்றது. பக்கத்து விளக்குக் கம்பத்தில் விளக்கு எரிவதில்லை என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொண்டார். பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு அழிவதற்குள் அன்றே எடுத்தார்.

எல்லாவற்றையும் நின்ற இடத்திலிருந்தே செல்போன் செயலியில் ஏற்றினார். சென்னை ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி.யும் சேர்ந்து செய்த ஐராட், விபத்து விவரங்களைப் பதிவு செய்கிற செயலி. 2021இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. விவரம் வருகிறது, இடம் வரைபடத்தில் பதிவாகிறது, நெடுஞ்சாலைத் துறைக்கும் தகவல் போகிறது. "இதெல்லாம் அகாடமியில சொல்லித் தந்தாங்களா மேடம்?" என்று கேட்டேன். "ஊனமாஞ்சேரியில சட்டம், கவாத்து, துப்பாக்கி எல்லாம் கத்துக்கிட்டேன். இந்த டேப்பு பிடிக்கிறதை அப்புறம் ஒரு தனிப் பயிற்சியிலதான் கத்துக்கிட்டேன்" என்றார். ஏட்டு அதற்குப் போனதில்லை. இருபத்தாறு வருட சர்வீஸில் அவரை யாரும் அனுப்பவில்லையாம். அதற்குப் பிறகு அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதியாகிவிட்டது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். அதில் எத்தனை பெருக்கல் குறி மேஜையில் உட்கார்ந்து போட்டதோ.

புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125(பி) (கொடுங்காயம்) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். ஆனது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 48 மணி நேரத்துக்குள் போலீஸின் முதல் விபத்து அறிக்கை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் போக வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை. இழப்பீட்டு மனுவையும் ஆறு மாதத்துக்குள் போடச் சொன்னார் வக்கீல். இந்த வழக்குகளைப் பார்க்க ஸ்டேஷன்களில் தனிப் பிரிவு வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். எங்கள் ஸ்டேஷனில் அந்தத் தனிப் பிரிவு அந்த ஒரு மேடம்தான்.

எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், காயச் சான்று, இடத்தைப் பார்த்து எழுதிய மகஜர், டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒவ்வொன்றுக்கும் நடந்தேன். அதை விவரிக்க ஒன்றுமில்லை. நாளை வா, நாளை வா, அவ்வளவுதான்.

எதிர்பார்த்தபடியே இன்சூரன்ஸ் தரப்பு ஏ.ஆர். வரியைப் பிடித்துக்கொண்டது. "தானாக விழுந்தவர்" என்று பதில் மனு. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் மேடத்தின் ஸ்கெட்சையும், கீறல் படத்தையும், பங்க் கேமராப் பதிவையும் வரிசையாக எடுத்து வைத்தார். "ஏ.ஆர்ல எழுதின டாக்டர் விபத்தைப் பார்க்கலை. இவங்க தடத்தைப் பார்த்திருக்காங்க" என்றார். மனு இன்னும் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. மேடத்துக்கு வேறு ஊருக்கு மாறுதல் ஆகிவிட்டது. சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனாலும் அந்தப் பிரிவைத் தாண்டும்போது வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார். விபத்து நடந்த மூன்றாம் வாரம் நெடுஞ்சாலை ஆட்கள் வந்து அந்த இடைவெளியின் இரண்டு பக்கமும் அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போனார்கள். போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மறுபடி தோள் உயரம் வந்து, பூவும் பூத்திருக்கிறது.