தெருப்பெயர்களில் தொடங்கிய தேடல்: பிரிட்டிஷ் ஸ்பீட்வேயும் புல்தடப் பந்தயமும்

கிழக்கு லண்டனில் கஸ்டம் ஹவுஸ் பக்கம் ஒரு குடியிருப்பு இருக்கிறது. உள்ளே நடந்தால் ஹாஸ்கின்ஸ் க்ளோஸ், க்ரூம்ப்ஸ் ரோடு, அட்கின்சன் ரோடு, வில்கின்சன் ரோடு, யங் ரோடு என்று பெயர்ப்பலகைகள் வரும். ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் எனக்கு அது பேருந்தில் போய்வரும் தூரம்தான். இவர்களெல்லாம் யார் என்று விசாரிக்கப் போய்த்தான் பிரிட்டிஷ் ஸ்பீட்வே வரலாற்றுக்குள் நுழைந்தேன். இந்தப் பக்கம் வர நினைக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று, எப்படித் தேடினேன், எது கைகொடுத்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஸ்பீட்வே பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடம் சொச்சத்தில் ஒரு ரேஸ் முடிந்துவிடும். 500 சிசி பைக், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால், பிரேக் கிடையாது. வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வெளியே சறுக்கவிட்டு, எஃகுத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி இடஞ்சுழியாகத் திரும்புவார்கள். முதலாவதாக வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் குடியிருப்பு நிற்கும் இடத்தில்தான் 1928 முதல் 1972 வரை வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம் இருந்தது. ஜானி ஹாஸ்கின்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர். 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மைட்லண்டில் இந்த விளையாட்டுக்கு ஒரு உருவம் கொடுத்துவிட்டு, பிறகு இங்கிலாந்து வந்து வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே அணியையும் நடத்தினார். டாமி க்ரூம்ப்ஸும் ஆர்தர் அட்கின்சனும் அங்கே ஓட்டியவர்கள். 'ப்ளூயி' வில்கின்சன் 1938-ன் உலகச் சாம்பியன். ஜாக் யங் கதை இன்னும் சுவாரசியம்: 1951-ல் அவர் எடின்பரோவின் இரண்டாம் பிரிவு அணியில் இருந்துகொண்டே உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு வெஸ்ட் ஹாம் வீரராக மறுபடியும் வென்றார்.

இவ்வளவும் பொதுவான நூல்களிலேயே கிடைத்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது அதற்குக் கீழே இருந்த விஷயம்: ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எந்த ஹீட்டில் (ஓர் ஆட்டத்துக்குள் நடக்கும் தனித்தனி ரேஸுக்கு ஹீட் என்று பெயர்) யார் விழுந்தார், யாருக்குப் பதிலாக யார் ஓட்டினார் என்பது. அதற்கு முதல் வாசல் பழைய பத்திரிகைகள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் இணையத்தில் காசு கட்டிப் படிக்கக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் வாசிப்பறையில் இலவசம், வாசகர் அட்டையும் இலவசம். பழைய அச்சை இயந்திரம் வாசித்து எழுத்தாக்கியிருப்பதால் பிழைகள் நிறைய இருக்கும். 'க்ரூம்ப்ஸ்' என்று தேடினால் பாதிதான் வரும். அதனால் வீரர் பெயரை விட்டுவிட்டு அணியின் பெயரையும் தேதியையும் போட்டு, அந்த நாள் இதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கண்ணால் படிப்பதே உத்தமம். 1928, 29 செய்திகளுக்கு 'டர்ட் டிராக்' என்றும் தேடிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் பல ஊர் நிருபர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது வாசல், என்னைக் கட்டிப்போட்ட வாசல், புரோகிராம் புத்தகங்கள். மைதான வாசலில் விற்ற மெல்லிய புத்தகம். நடுப்பக்கத்தில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு கட்டம், நான்கு பெயர்கள், பக்கத்தில் காலி இடம். பார்க்க வந்தவர் மடியில் வைத்து, ரேஸ் முடிய முடிய, பென்சிலால் 3, 2, 1 என்று போடுவார். விழுந்தால் 'எஃப்', எஞ்சின் நின்றால் 'இஎஃப்', நடுவர் வெளியேற்றினால் 'எக்ஸ்'. வென்றவரின் நேரத்தை இரண்டாம் உலகப் போருக்கு முந்திய புரோகிராம்களில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எழுதியிருப்பார்கள், அன்றைய ஸ்டாப்வாட்ச் அவ்வளவுதான் காட்டும். அச்சடித்த பெயரை அடித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதியிருந்தால் அது பொக்கிஷம். பத்திரிகை நிருபர் பல சமயம் மாற்று வீரரைக் கவனிக்கவே மாட்டார். வாராவாரம் வந்து உட்கார்ந்த ரசிகர் கவனித்திருப்பார்.

ஆனால் பென்சிலும் தப்பு செய்யும். மழை, கூட்டம், மங்கிய விளக்கு எல்லாம் உண்டு. அதனால் ஒவ்வொரு புரோகிராமையும் மளிகைக்கடை நோட்டுப் போலக் கூட்டிப் பார்ப்பேன். ஒரு ஹீட்டில் மூன்று பேராவது முடித்தால் 3+2+1, மொத்தம் 6. 1965-ல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது ஒரு ஆட்டத்துக்கு 13 ஹீட், அப்படியானால் இரண்டு அணியும் சேர்ந்து 78. ஸ்கோர் 42-36 என்றால் சரி. 50-27 என்று இருந்தால் எங்கோ ஒரு ஹீட்டில் இரண்டு பேர்தான் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், அந்த ஹீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு ஹீட்டும் இல்லையென்றால், எழுதியவர் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். போனஸ் புள்ளிதான் அதிகம் குழப்பும். தன் அணிக்காரருக்கு நேர் பின்னால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருபவருக்கு ஒரு போனஸ் உண்டு. அது அவருடைய சராசரியிலும் சம்பளத்திலும் சேரும், அணியின் ஸ்கோரில் சேராது. ஒரே வீரருக்கு ஒரு இடத்தில் 9, இன்னொரு இடத்தில் 11 என்று பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு ஆதாரத்தை ஒப்பிடாமல் எதையும் எழுதக் கூடாது என்பதற்கு 1936-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, வெம்ப்ளியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. அன்றிரவு வில்கின்சன் ஓட்டிய ஐந்து ரேஸிலும் முதலிடம், 15-க்கு 15. பென்சில் போட்ட நடுப்பக்கம் மட்டும் கையில் இருந்தால் அவர்தான் சாம்பியன் என்று எழுதிவிடுவோம். பட்டம் போனது லயனல் வான் பிராக்குக்கு. காரணம், முந்தைய சுற்றுகளில் எடுத்த போனஸ் புள்ளிகளையும் (மேலே சொன்ன போனஸ் அல்ல, இது வேறு) இறுதிப் போட்டியோடு கூட்டினார்கள். வான் பிராக் 12 கொண்டுவந்து 14 எடுத்தார், எரிக் லாங்டன் 13 கொண்டுவந்து 13 எடுத்தார். இருவரும் 26. வில்கின்சன் கொண்டுவந்தது 10 என்பதால் 25. சமநிலையில் இருந்த இருவருக்கும் இன்னொரு ரேஸ் வைத்து, வான் பிராக் ஜெயித்தார். ஒரு ரேஸ்கூடத் தோற்காதவர் மூன்றாமிடம். இரண்டு வருஷம் கழித்து வில்கின்சன் பட்டத்தை எடுத்தார் என்பதைப் படித்தபோது எனக்கே மனசு ஆறியது.

பிரிட்டனில் எது முதல் ஸ்பீட்வே பந்தயம் என்ற பழைய வழக்கையும் தொடாமல் இருக்க முடியாது. எப்பிங் காட்டில் ஹை பீச், 1928 பிப்ரவரி 19 என்பதே பரவலான பதில். கிங்ஸ் ஓக் மதுக்கடையின் பின்னால் இருந்த தடம், இல்ஃபோர்டு மோட்டார் சைக்கிள் கிளப் நடத்தியது. எதிர்பார்த்தது 3,000 பேர். வந்தவர்கள் எத்தனை என்பதில் செய்திகள் ஒத்துப்போவதில்லை, 10,000 முதல் 30,000 வரை பலவிதமாகச் சொல்கின்றன. தடத்தின் உள்பக்கமும் கயிற்றுக்குப் பின்னால் ஜனங்கள் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால் இதை யாரும் எண்ணியிருக்க முடியாது என்று புரியும். ஆனால் 1927 மே மாதமே கேம்பர்லியில் ஒரு பந்தயம் நடந்தது, மணலில், வலஞ்சுழியாக. ஜூனில் மான்செஸ்டர் பக்கம் ட்ராயில்ஸ்டனில் இன்னொன்று. என் அபிப்பிராயம் இது: கேம்பர்லிக்கும் ட்ராயில்ஸ்டனுக்கும் முன்னோடி என்ற மரியாதை கட்டாயம் உண்டு. ஆனால் நாடு முழுக்கத் தடங்கள் முளைத்தது ஹை பீச்சுக்குப் பிறகுதான், அதே ஆண்டிலேயே. 1929-ல் லீக்குகளே வந்துவிட்டன. தொடக்கம் என்று எதைச் சொல்வது என்பது நாம் எந்தக் கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஹை பீச்சுக்கு அவசியம் நேரில் போங்கள். தடம் இருந்த இடத்தில் இப்போது எப்பிங் ஃபாரஸ்ட் ஃபீல்டு சென்டர் இருக்கிறது. மதுக்கடை அங்கேயே இருக்கிறது. மரங்களுக்கு நடுவே அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை கூட்டம் நின்றதா என்று நேரில் பார்க்கும்போதுதான் அந்த நாளின் நெரிசல் உறைக்கிறது.

தடங்களைத் திறந்த கம்பெனிகளைத் தேடுவதற்கு லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் அங்கே பிடி 31 என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை, ஆனால் கிடைத்தால் பங்குதாரர் பட்டியலில் பெயரோடு தொழிலும் முகவரியும் இருக்கும். பந்தயத்தில் காசு போட்டவர்கள் யார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. பிறகு வான்படங்கள்: 1919 முதல் 1953 வரை ஏரோஃபிலிம்ஸ் என்ற கம்பெனி எடுத்தவை 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்' தளத்தில் இருக்கின்றன. வீட்டு வரிசைகளுக்கு நடுவே நீள்வட்டம் தெரிந்தால் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி இருக்கிறது. வெஸ்ட் ஹாமுக்கு, அந்தப் பகுதியின் நியூஹாம் ஆவணப் பிரிவும் உண்டு.

1930-க்குப் போனால் ஒரு வெட்டு விழுந்தது போல இருக்கும். அதுவரை ஃபே டெய்லர், ஈவா ஆஸ்க்வித் ஆகியோர் ஆண்களோடு மோதி ஜெயித்த செய்திகள் வருகின்றன. அந்த ஆண்டு பெண்கள் ஓட்டத் தடை வந்தது. திறமை குறைந்ததால் மறைந்த பெயர்கள் அல்ல இவை. பட்டியல் தயாரிக்கிறவர்கள் அந்த இடத்தில் ஒரு குறிப்பு போடாமல் தாண்டக் கூடாது.

ஆவணம் படித்து அழுதேன் என்றால் அது 1970 ஜூலைக்குத்தான். ஃபில் பிஷப் ஹை பீச்சில் ஓட்டத் தொடங்கியவர், அடிக்கடி விழுந்து எழுவதாலேயே பெயர் பெற்றவர். வயதான பிறகு வெஸ்ட் ஹாமின் மேலாளர். ஹாலந்தில் ஆட்டம் முடித்து வரும் வழியில், ஜூலை 14 அன்று, பெல்ஜியத்தின் லோக்கெரன் ஊரில் அணியின் வண்டி விபத்துக்குள்ளானது. பிஷப்பும், பீட்டர் பிராட்ஷா, மால்கம் கார்மைக்கேல், மார்ட்டின் பிடக், கேரி எவரெட் ஆகிய நான்கு வீரர்களும் இறந்தார்கள். காலின் பிராட் உயிர் பிழைத்தார், கழுத்து முறிந்ததால் அதன் பிறகு பந்தயத்தில் ஓட்டவே முடியவில்லை. அந்த வாரத்துக்கு முந்தைய புரோகிராமில் அவர்கள் பெயருக்கு நேரே யாரோ சாதாரணமாக 2, 1 என்று எழுதியிருக்கிறார். அடுத்த இரண்டு வருஷத்தில் ஸ்டேடியமே மூடப்பட்டது.

சரி, புல்தடப் பந்தயம். ஸ்பீட்வேக்கு ஸ்டேடியம் உண்டு, லீக் உண்டு, 1952 முதல் 'ஸ்பீட்வே ஸ்டார்' வார இதழ் உண்டு. கிராஸ் டிராக் எனப்படும் புல்தடத்துக்கு ஒரு விவசாயி, அவருடைய மேய்ச்சல் நிலம், கயிறும் கம்பும், ஒரு கிளப். மறுநாள் மாடு மேயும். ஆனால் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் பெரிய பெயர்கள் பல அங்கிருந்து வந்தவை. 1976 உலகச் சாம்பியன் பீட்டர் காலின்ஸ் புல்தடத்தில் வளர்ந்தவர். நீளமான தடத்தில் ஓட்டும் லாங் டிராக் பந்தயத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற சைமன் விக்கும் அப்படியே. பைக் செய்தவர்களும் ஓட்டியவர்கள்தான்: லேட்டனில் கடை வைத்த ஆல்ஃப் ஹேகன், கென்ட்டின் டான் காடன். இந்த வேரைத் தேடாமல் ஸ்பீட்வே வரலாறு எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

இங்கே பெரிய பத்திரிகைகள் உதவாது. 'தி மோட்டார் சைக்கிள்', 'மோட்டார் சைக்கிளிங்' என்ற இரண்டு வார இதழ்களில் கிளப் செய்திகள் பொடி எழுத்தில் வரும். உள்ளூர் வார இதழில் நாலு வரி வரும். இடத்துக்குப் பண்ணையின் பெயர்தான் இருக்கும், அந்தப் பண்ணை இன்று வேறு பெயரிலோ நெடுஞ்சாலைக்கு அடியிலோ இருக்கலாம். நல்லூழாகச் சில இடங்கள் வேறு காரணத்தால் பிரபலமாகிவிட்டன. கார் ரேஸ் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பிராண்ட்ஸ் ஹாட்ச் 1930களில் மோட்டார் சைக்கிள் கிளப்புகளின் புல்தடம். தார் போட்டது 1950-ல். அதற்கப்புறமும் 1954 வரை இடஞ்சுழியாகவே ஓட்டினார்கள்.

மற்றதெல்லாம் வீடுகளில் இருக்கிறது: கிளப் செயலாளரின் மினிட் புத்தகம் (கூட்டக் குறிப்பேடு), சைக்ளோஸ்டைல் எடுத்த ஒற்றைத் தாள் புரோகிராம், கோப்பையின் அடியில் பொறித்த பெயர்கள். முன்னாள் ரைடர் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனபோது அவர் பந்தயங்களைத் தேதியால் நினைவு வைத்திருக்கவில்லை. எந்த எஞ்சின் வைத்திருந்தார் என்பதால் நினைவு வைத்திருந்தார். 'அது ஜேஏபி இருந்த காலம்', 'அது ஜாவா வாங்கின பிறகு' என்றே பேசினார். அதன் பிறகு யாரிடம் பேசினாலும் வருஷத்தைக் கேட்பதில்லை, பைக்கைக் கேட்கிறேன். எஞ்சின், ஃபிரேம், யாரிடம் வாங்கியது என்று தொடங்கினால் ஆண்டு தானாக வந்து நிற்கும், அப்புறம் பத்திரிகையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எசெக்ஸ், கென்ட் இரண்டு மாவட்டங்களின் புல்தட இடங்களைப் பட்டியலிட்டுக் கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது பழைய பொருள் விற்கும் கடையிலோ காலி செய்யும் வீட்டிலோ ஒரு புரோகிராம் கிடைத்தால், நடுப்பக்கத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அட்டை, பின்பக்க விளம்பரம், அடுத்த பந்தயம் எங்கே என்ற அறிவிப்பு, ஓரத்தில் எழுதிய எதுவானாலும் எல்லாப் பக்கமும் எடுங்கள். மங்கிய பென்சிலை ரப்பராலோ ஈரத்துணியாலோ தொட வேண்டாம், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்தால் அழுத்திய தடம் தெரியும். புகைப்படம் என்றால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயர், ஊர், சில சமயம் அந்தப் பண்ணையின் பெயர்கூட அங்கேதான் எழுதியிருக்கும்.