மணி அடிக்கவில்லை

மத்தியானம் மொபைலில் மெசேஜ்: 'வீட்டில் ஆள் இல்லை. பார்சல் திருப்பி அனுப்பப்படுகிறது.'

ஆள் இல்லையா? நான் இருந்தேன், அம்மா இருந்தாங்க, பேப்பருக்கு அடியில் அப்பா இருந்தார். 42 பல்லும் குறையாமல் எங்கள் நாய் மணியும் இருந்தான்.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனையில் கூரியர் வண்டி திரும்பும்போதே ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக் கச்சேரியை ஆரம்பித்துவிடுவான். அந்த மனுஷன் பார்சலைக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போகிறார். இவன் கணக்கில், இவன் துரத்தித்தான் அவர் ஓடினார். மூன்று வருஷத்தில் ஒரு தோல்வி கிடையாது. இப்படியொரு ரெக்கார்டை யார்தான் விடுவார்கள்? "கத்தாதடா!" என்று அப்பா கத்துவார். பெரியவரே பக்கவாத்தியத்துக்கு வந்துட்டாரே என்று இன்னும் இரண்டு கட்டை ஏற்றுவான்.

"தம்பி, உங்க மணி நேரங்கெட்ட நேரத்துல அடிக்குதே" என்று மாடி வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது.

கண்டுக்காமல் விடு, அடங்கிடும் என்றார்கள். அது நம்மிடம் எதையாவது கேட்டுக் குரைக்கிற நாய்க்கு. இவன் என்னிடம் பேசவே இல்லையே! சரி, வாயை மூடினால் பிஸ்கட் என்றேன். இரண்டே நாளில், ஈ காக்கை இல்லாத தெருவைப் பார்த்து ஒரே ஒரு 'வவ்', அப்புறம் மௌனம், அப்புறம் பிஸ்கட்டுக்கு என் கையைப் பார்ப்பான். கடைசியில், வண்டிச் சத்தத்துக்கு அவன் காது விடைக்கும் அந்த நொடியிலேயே, குரைக்கும் முன் கூப்பிட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் சத்தம் கேட்டால் ஜன்னலை விட்டு நேராக என்னிடம்தான் வருகிறான்.

இன்றைக்கும் வந்தான். மீட்டிங்கில் இருந்தேன். முழங்காலில் தாடையை வைத்து அண்ணாந்து பார்த்தான். இந்தா தின்னு என்று ஒன்றைப் போட்டேன். தகவல் சொல்ல வந்தவனுக்குக் கூலி கொடுத்தேனே தவிர, தகவலைக் கேட்கவில்லை.

வாசலில் காலிங் பெல்லை அழுத்திப் பார்த்தேன். மூச்சு இல்லை. அது செத்து எத்தனை மாசமோ, இவன் இருக்கும்போது யாருக்கு அது தேவைப்பட்டது?

திரும்பிப் போன பார்சல் என்ன தெரியுமா? இவனுக்குத் தெரு தெரியாமல் இருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர்.

"முதல்ல ஒரு பெல் ஆர்டர் பண்ணு" என்றார் அப்பா.

"அதையும் கூரியர்லதானே கொண்டு வருவாங்க?" என்றாங்க அம்மா.