ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் காட்டும் மும்பை

"ஏளா, எந்திரி. தண்ணி வந்துட்டு."

2004 ஜூன் மாதம் தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள், விடியற்காலை நாலரை மணிக்கு என் மாமியார் என்னை எழுப்பியது இப்படித்தான். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. வாசலைத் தாண்டினால் வாய்க்கால், கொஞ்சம் நடந்தால் தாமிரபரணி. தண்ணீருக்கு நேரம் காலம் உண்டு என்பதே எனக்குப் புதிது. பத்துக்குப் பத்து அறை, மூலையில் பாத்திரம் கழுவ ஒரு மோரி, அதை ஒட்டி மூடி போட்ட நீல டிரம் இரண்டு. பைப்பில் ஹோஸைச் செருகி, கலங்கலாக வருகிற முதல் தண்ணீரைத் துணி துவைக்க விட்டு, தெளிந்த பிறகு குடிக்கிற குடங்களைப் பிடித்து, அப்புறம் டிரம்மை நிரப்பி, ஹோஸைப் பக்கத்து வீட்டு மதினியிடம் நீட்ட வேண்டும். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எங்கள் சந்தில் நாலு வீட்டில் இட்லி அவித்து விற்கிறார்கள். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு பாதி நகரத்துக்குப் போகிற இட்லி அது. அந்த வீடுகளுக்குத் தண்ணீர் பத்து நிமிடம் பிந்தினால் அன்றைய பிழைப்பே பிந்தும். அதனால் ஹோஸ் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். யாரும் எழுதி வைத்ததில்லை. நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். சித்தி பிள்ளைகள், அண்ணன் குடும்பம், ஒரு தடவை எங்கள் தெரு டீச்சர். பம்பாயில் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று கேட்பார்கள். முதல் சில வருடங்கள் எல்லோரையும் போல கேட்வே ஆஃப் இந்தியா, மரீன் டிரைவ், நடிகர் வீட்டு வாசல் என்று சுற்றினேன். பிள்ளைகள் வெயிலில் வதங்கிப் போவார்கள், போட்டோ மட்டும் மிஞ்சும். இப்போது அந்த வரிசையை மாற்றிவிட்டேன். இங்கே இருக்கிறவர்கள் தினமும் எதை நம்பிப் பிழைக்கிறார்களோ, அதுதான் இந்த நகரத்தில் பார்க்க வேண்டியது என்பது என் எண்ணம். கேட்வேயை நேரமிருந்தால் பார்க்கலாம்.

முதல் நாள் கான்ஹேரிக் குகைகள். போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மறந்து போய்விடக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் கருங்கல் மலையில் குடைந்து, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடம். எல்லோரும் மூன்றாம் குகையின் பெரிய தூண்களையும் புத்தர் சிலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் அங்கே நிற்க விடமாட்டேன். மேலே ஏறி, சின்னக் குகைகளின் வாசலுக்குக் கூட்டிப்போவேன். பல குகைகளுக்கு வெளியே பாறையில் ஒரு தொட்டி வெட்டியிருப்பார்கள். மலைச்சரிவில் விழுகிற மழைநீர் வழி தவறாமல் அதில் வந்து சேர, பாறையிலேயே விரல் அகலத்துக்கு வாய்க்கால் கீறியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் கீறலில் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தேன். வழவழவென்று, தண்ணீர் போய்ப் போய்த் தேய்ந்த மாதிரி இருந்தது. என் மாமியாரும் நானும் டிரம்முக்குப் பக்கத்தில் செய்வதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அதற்கப்புறம்தான் இந்த ஊர் மேல் ஒட்டுதல் வந்தது.

அந்தக் காட்டுக்குள்ளேதான் துளசி ஏரி இருக்கிறது, அடுத்து விஹார் ஏரி. விஹார் 1860இல் கட்டியது. நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த முதல் ஏரி. இன்றைக்கு மும்பைக்கு ஏழு ஏரிகள்: விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாட்சா. ஏறத்தாழ பாதித் தண்ணீர் பாட்சாவிலிருந்து மட்டுமே வருகிறது. நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 385 கோடி லிட்டர். நூறு கிலோமீட்டர் தூரத்து மலையிலிருந்து வருகிற தண்ணீர் என் குடத்தில் விழுகிறது என்பது சாதாரணக் காரியமில்லை. ஜூலை மாதம் ஏரிகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்று செய்தியில் சொல்வார்கள். எங்கள் சந்தில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைக் கேட்டுச் சொல்லிக்கொள்வோம்.

அதே விஹார் நிரம்பி வழிந்தால் அது மித்தி ஆறு. பவாய் ஏரி வழிகிற தண்ணீரும் சேர்ந்து, எங்கள் தாராவியைத் தொட்டுக்கொண்டு மாஹிமில் கடலில் கலக்கிறது. வந்த புதிதில் அதைச் சாக்கடை என்றுதான் நினைத்தேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மதியம் மோரி வழியாகத் தண்ணீர் மேலே வர ஆரம்பித்தது. சாயங்காலம் நானும் மாமியாரும் மாலாவில், அதாவது அறைக்கு மேலே பலகை போட்ட பரணில், அரிசி மூட்டையோடும் ரேஷன் கார்டோடும் உட்கார்ந்திருந்தோம். கீழே டிரம் மிதந்தது. என் வீட்டுக்காரர் வித்யாவிஹாரிலிருந்து தண்டவாளம் வழியே நடந்து மறுநாள் காலையில்தான் வந்தார். வழியில் யார் யாரோ பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தார்களாம். அன்றைக்குத்தான் மித்தி ஒரு ஆறு என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் லோக்கல் ரயில். பிழைப்புக்குப் போகிறவர்களின் காலை வண்டியில் விருந்தாளிகளை ஏற்ற மாட்டேன். பதினொன்றரைக்கு மேல் தாராவியை ஒட்டிய சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறி, கடைசி நிலையமான சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பாதையில் போனதுதான். கடைசி நிலையத்தில் இறங்கியதும் தலையைத் தூக்கி மேல் விதானத்தைப் பாருங்கள் என்பேன். 1888இல் கட்டி முடித்தது, 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பத்து ரூபாய் டிக்கெட்டில் உள்ளே நின்று பார்க்கிற அரண்மனை வேறெங்கே இருக்கிறது?

ஆனால் எனக்கு ரயில் என்றால் லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டிதான். தாராவிக்குள் தமிழ் போதும். மளிகைக்கடை அண்ணாச்சி முதல் தையல்காரர் வரை எல்லோரும் நம் ஊர் பேச்சுதான். சயான் ஸ்டேஷன் படியேறினால் அது போதாது. 2006இல் மஸ்ஜித் பந்தரில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போக ஆரம்பித்தேன். ஏறினதும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். தாதரில் இறங்குகிறவரின் சீட்டை ஒருத்தி கேட்டு வைத்தால் அது அவளுடையது, நடுவில் யாரும் உட்கார மாட்டார்கள். இது தெரியாமல் இரண்டு மாதம் நின்றுகொண்டே போனேன். ஒருநாள் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு மராத்தி அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுக்கி உட்கார வைத்தார். "கஹான் உதர்னா?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார். நான் இந்தியில் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த டப்பாவில் கீரை ஆய்ந்திருக்கிறேன், நவராத்திரிக்குப் பாட்டுப் பாடியிருக்கிறேன், மாமனார் தவறிய வாரத்தில் வாய்விட்டு அழுதிருக்கிறேன். பெண்களுக்கு மட்டுமான முழு ரயில் 1992 மே மாதத்தில் சர்ச்கேட் பாதையில் தொடங்கியது என்கிறார்கள். இன்னும் நூறு விட்டாலும் நிறையும்.

2025 மே மாதம் தாராவிக்கே மெட்ரோ வந்தது. லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலிக்கிற என் மாமியார் தனியாக தாதர் போய் வருகிறார். அதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும். அதே மாதத்தில் நகரப் பேருந்தான பெஸ்டின் ஆரம்பக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்தானது. நாலு இடம் மாறி வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அது பெரிய தொகை. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

பைகுல்லாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். ராணி பாக் மிருகக்காட்சிசாலையில் பென்குயின் இருக்கிறது, மும்பை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நீந்துகிறது. பக்கத்திலேயே பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம், 1872இல் திறந்தது. இரண்டுக்கும் புதன்கிழமை விடுமுறை. அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு கல் யானை நிற்கும். எலிபெண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான யானை அதுதான். வெள்ளைக்காரர்கள் பெயர்த்து எடுத்துப்போகப் பார்த்து உடைந்ததை, பின்னாளில் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எலிபெண்டாவுக்குப் படகில் போக முடியாத வயதானவர்களுக்கு இந்த யானையாவது கிடைக்கிறது.

தமிழர்கள் நிறைய இருக்கிற மாட்டுங்காவைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். வாழையிலை, சுண்டைக்காய், மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கும், கோயில்களில் நம் ஊர் மேளச் சத்தம் கேட்கும். விலை கொஞ்சம் கூட.

சயான் மருத்துவமனையைச் சுற்றுலாவாகக் காட்ட முடியாது. ஆனால் அதைத் தாண்டும்போதெல்லாம் நின்று சொல்வேன். என் மகள் 2009இல் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள், ஒன்றரைக் கிலோ. எனக்குப் பால் சுரக்கவில்லை. அங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது, 1989இல் தொடங்கியது, ஆசியாவிலேயே முதல். நர்ஸ் பாலாடையில் சொட்டுச் சொட்டாக, யாரோ ஒரு தாய் கொடுத்த பாலை அவள் வாயில் விட்டார். பத்து நாள் அவளைக் காப்பாற்றியது அந்தப் பால்தான். யார் கொடுத்தது, என்ன சாதி, என்ன மதம், எதுவும் எங்களுக்குத் தெரியாது. எனக்குச் சுரந்த பிறகு நானும் கறந்து கொடுத்தேன். அதைச் சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைத்து, வேண்டிய குழந்தைக்குக் கொடுப்பார்கள். பத்து ரூபாய் கேஸ் பேப்பர், அதாவது சிகிச்சைச் சீட்டு, எடுத்து வரிசையில் நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கிடைக்கிறது. இதைவிடப் பெரிதாக இந்த நகரத்தில் காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் எனக்கு ஆறவே ஆறாது. விருந்தாளிகள் வந்தால் முதலில் தயங்குவது அதற்குத்தான். எங்கள் சந்துக்குப் பொதுக் கழிப்பறைதான், காலையில் வரிசை. வெளியே கிளம்பினால் ஊர்ப் பெண்களிடம் தண்ணீர் குறைத்துக் குடியுங்கள் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது, மே மாத வெயிலில். ஒரு இடத்தில் இலவசம் என்று பலகை தொங்குகிறது, வாசலில் இருந்தவர் ஆண்களைச் சும்மா விட்டுவிட்டு எங்களிடம் ஐந்து ரூபாய் கேட்டார். என் மகள் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். அவர் பேசாமல் வழி விட்டார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இதற்காக மும்பைப் பெண்கள் அமைப்புகள் 2011 முதல் போராடி வருகின்றன. கூட்டத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், இனியும் போவேன்.

கடைசி நாள் சாயங்காலம் எங்கேயும் அலைய மாட்டோம். தாராவி டெப்போவுக்கு எதிரே மகாராஷ்டிரா நேச்சர் பார்க், 37 ஏக்கர். 1970கள் வரை நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு அது. குப்பைக்கு மேல் மண் போட்டு மரம் நட்டு, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போனால் வண்டிச் சத்தம் அடங்கி மைனாச் சத்தம் கேட்கும். ஓரத்தில் மித்தி ஓடும். 2005இல் எங்கள் வீட்டுக்குள் வந்த அதே ஆறு.

இப்போது தாராவி முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்டினால் இங்கேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். எங்களிடம் மாமனார் காலத்து ரேஷன் கார்டும் மின்சார ரசீதும் இருக்கின்றன. பின்னால் வந்த பக்கத்து வீட்டு மதினிக்கு இல்லை. அந்தக் கவலை சந்து முழுக்க இருக்கிறது. கணக்கெடுக்க வந்த பையன் செல்போனில் அறையை அளந்து முடித்ததும், என் மாமியார் அவனுக்கு டீ கொடுத்துவிட்டு இந்தியில் கேட்டார், அந்த வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று. தெரியாது ஆயி, கேட்டுச் சொல்கிறேன் என்றான்.