இரண்டு கரிநெருப்புகள்

எங்கள் குழு முதலில் எருசலேம், அப்புறம் கலிலேயா என்று போனது. அந்த வரிசைக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்துச் சீஷரான பேதுரு விழுந்த இடத்தைப் பார்த்த கையோடு, அவரை ஆண்டவர் தூக்கி நிறுத்திய இடத்தையும் பார்க்கக் கிடைத்தது.

சீயோன் மலையின் கிழக்குச் சரிவில், பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே இருக்கிறது பேதுரு கல்லிகாந்து ஆலயம். 'கல்லிகாந்து' என்றால் லத்தீனில் சேவல் கூவுதல்; சேவல் கூவிய இடம் என்பதால் அந்தப் பெயர். இப்போதுள்ள கட்டடம் 1931-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உச்சியில் சிலுவை, அதற்கும் மேலே பொன்னிறச் சேவல் ஒன்று. ஆண்டவரை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இங்கேதான் இருந்தது என்பது பாரம்பரியம். சீயோன் வாசலுக்குப் பக்கத்தில் அர்மீனியரின் இடம் ஒன்றையும் அதே வீடு என்று காட்டுகிறார்கள். எது சரி என்பதை ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆலயத்தை ஒட்டி, கீதரோன் பள்ளத்தாக்குப் பக்கமாக இறங்குகிற பழங்காலக் கற்படிகள் இருக்கின்றன. கெத்செமனே தோட்டத்தில் பிடித்துக் கட்டிய ஆண்டவரை இந்த வழியாகத்தான் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றதும் எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஆலயத்துக்குக் கீழே பாறையில் குடைந்த ஆழமான குழி இருக்கிறது. அந்த இரவில் ஆண்டவரைக் கயிற்றில் கட்டி அதற்குள் இறக்கினார்கள் என்று சொல்வார்கள். இப்போது படி வைத்திருப்பதால் உள்ளே போக முடிகிறது. அங்கே 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பது வழக்கம். எங்கள் சபைப் போதகர் ஐயர் வாசித்தார். "என்னைப் பாதாளக்குழியிலும் இருளிலும் ஆழங்களிலும் வைத்தீர்" என்ற இடம் வந்தபோது அவர் குரல் உடைந்தது.

வெளியே முற்றத்தில் பேதுரு மறுதலிக்கும் காட்சியைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். வேலைக்காரி கேட்கிறாள், பேதுரு கைவிரிக்கிறார், தூணின்மேல் சேவல் நிற்கிறது. குளிர்காலமானதால் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்தார்கள் என்று யோவான் எழுதியிருக்கிறார். அந்த நெருப்பின் பக்கத்தில் நின்றுதான் "நான் அல்ல" என்றார் பேதுரு. மூன்றாம் முறை மறுதலித்ததும் சேவல் கூவியது. "கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்" என்கிறது லூக்கா.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருக்கும் என்றுதான் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து எண்ணியிருந்தேன். ஆனால் அதே அதிகாரத்தில், கொஞ்சம் முன்னால், இராப்போஜனப் பந்தியில் ஆண்டவர் பேதுருவிடம் என்ன சொல்கிறார்? "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." மறுதலிப்பு நடப்பதற்கு முன்பே ஜெபம் முடிந்துவிட்டது! "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று அடுத்த வேலையையும் கொடுத்தாயிற்று. இவன் விழுவான் என்று தெரிந்து, விழுந்த பிறகு அவன் எழுந்து நிற்கப்போவதையும் தெரிந்து வைத்திருந்தவருடைய பார்வை அது. பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுததற்குக் காரணம் அந்த அன்புதான் என்று நான் நம்புகிறேன். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, மனஸ்தாபப்பட்டும் நான்றுகொண்டு செத்த யூதாஸைப் போல அவர் தொலைந்துபோகவில்லையே.

அங்கிருந்து எரிகோவைத் தாண்டி, யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போனோம். கலிலேயாக் கடல் என்பது நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மதியம் எங்களுக்குப் பரிமாறிய 'பேதுரு மீன்' நம் ஊர் ஜிலேபி மீனின் உறவு. எங்கள் தூத்துக்குடிக்காரர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஏரியின் வடமேற்குக் கரையில் தப்கா. 1933-ல் பிரான்சிஸ்கன் சபையார் கறுப்புக் கல்லால் கட்டிய சின்ன ஆலயம், தண்ணீரை ஒட்டியே நிற்கிறது. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து ஒரு பாறை எழும்பியிருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷருக்குக் காலை உணவு கொடுத்த இடம் என்று அதை வணங்குகிறார்கள். வெளியே கரையில் உட்கார்ந்து யோவான் 21-ஐ முழுவதும் வாசித்தோம். இராமுழுவதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் வருகிறார்கள். அவர் சொன்னபடி வலதுபுறம் போட்டதும் 153 பெரிய மீன்கள். கரை இறங்கினால் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம்.

மறுபடியும் கரிநெருப்பு! அங்கே விரோதிகள் மூட்டியது, இங்கே ஆண்டவர் தம் கையாலேயே மூட்டியது. அந்த நெருப்பருகே மூன்று முறை மறுதலித்தவரை, இந்த நெருப்பருகே உட்காரவைத்து மூன்று முறை "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை, அதாவது தம்மைப் பின்பற்றுகிறவர்களை, நம்பி ஒப்படைக்கிறார். கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். முதலில் சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தண்ணீர் ஓரத்தில் தனியாக நின்றிருந்தார். அவருடைய மகன் ஒரு காலத்தில் வாலிபர் கூட்டத்தை நடத்தியவன். குடியில் விழுந்து, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, பேச்சுவார்த்தையே இல்லை. இதைப் பேருந்தில் அவரே சொல்லியிருந்தார். பக்கத்தில் போனேன்.

"தம்பி, ஆண்டவரே மீனைச் சுட்டு வச்சிட்டுல்லா கூப்பிட்டுருக்காரு" என்றார். "நான் அவன் வந்து மன்னிப்பு கேக்கட்டும்னு உட்காந்திருக்கேன்."

"கூப்பிடுங்க டீச்சர்" என்றேன்.

"உங்க போன்ல வாட்ஸ்அப் கால் போகுமா?"

போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி போட்டதும் எடுத்தான். டீச்சர் கேட்டது, "சாப்பிட்டியாப்பா?"

நான் தள்ளி வந்துவிட்டேன். மீதி அவர்கள் இருவருக்கும் உரியது.

புனித நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்லிகாந்துவில் யோவான் 18, தப்காவில் 21 என்று வேதாகமத்தைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். தப்காவில் கூடுதல் நேரம் வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். எங்களுக்கு அரை மணி நேரம்தான் கிடைத்தது, போதவில்லை.