முக்கால் டேங்க்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நடுவே ஆயர் குரோவில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போனாலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை முன்னால் உட்கார்ந்துவிடலாம். அதற்கெல்லாம் திட்டமே தேவையில்லை. எங்கள் வீட்டில் வாரக்கணக்கில் பேசியது முதல் ஒரு கிலோமீட்டரைப் பற்றித்தான். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும், 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். பள்ளி விடுமுறையில் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பது பத்துமலை முருகனுக்கே வெளிச்சம்.

ஜூன் விடுமுறை, இரண்டு கார், சித்தப்பா தலைமை. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார். "நாலு மணிக்கு எவன் எழுந்திரிப்பான்?" என்பது அவர் கணக்கு. இப்படி நினைத்து நான்கு மணிக்கே எழுந்திருக்கும் ஆட்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்பது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மைத்துனன் இரவு பதினொரு மணி என்றான். என் மனைவி, துவாஸ் வழியாக இரண்டாவது பாலத்தில் போகலாம், டோல் கூடினாலும் பரவாயில்லை என்றாள். டோல் என்ற சொல்லிலேயே சித்தப்பா அந்தத் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மாமியார் வரவில்லை. பத்துமலையில் 272 படி, முட்டி ஒத்துழைக்காது. ஆனால் சோதனைச்சாவடிப் போக்குவரத்துக் கேமராவைப் போனில் பார்க்க மைத்துனன் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து சீரியல் போச்சு. சாப்பிடும்போதும் உட்லண்ட்ஸ்தான். "இப்ப காலியா இருக்கு, இப்பவே கிளம்புங்களேன்" என்பார், செவ்வாய்க்கிழமை இரவு.

ஆவணங்களில் குறை சொல்ல முடியாது. 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூர் வண்டிக்கு மலேசிய நுழைவு அனுமதி இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம். சித்தப்பா அதற்கு முன்பே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் காசும் ஏற்றியாயிற்று. அவருடைய மூளை முழுக்க இறங்கியது பெட்ரோலில்தான்.

சிங்கப்பூர் வண்டி முக்கால் டேங்க் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. 1991 முதல் இதுதான் சட்டம். மீறினால் அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் விலை பாதிக்கும் கீழே. நம் வண்டிக்கு மஞ்சள் பம்பின் மலிவு பெட்ரோலான ரோன்95 கிடையாது, பச்சைப் பம்பின் விலை கூடிய ரோன்97தான். அப்படியும் லாபம். ஆகவே முக்காலுக்கு மேல் இங்கே ஒரு சொட்டும் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. அளந்து அளந்து ஊற்றி, முள்ளை முக்காலுக்கு மயிரிழை மேலே நிறுத்திவிட்டு எங்களுக்குப் படமும் அனுப்பினார்.

கடைசியில் நான்கு மணிதான். புக்கிட் தீமா விரைவுச்சாலையிலேயே சிவப்பு விளக்கு வரிசை. வண்டி நகராமல் நிற்கிறது, ஏசி ஓடுகிறது, முள் இறங்குகிறது. பெட்ரோல் சோதனையோ வரிசையின் அந்தக் கோடியில்.

பக்கத்து வரிசையில் சித்தப்பாவின் கார்க் கண்ணாடிகள் நான்கும் இறங்கின. ஏசியை நிறுத்திவிட்டார். வரிசை நின்றதும் எஞ்சினை அணைப்பார், நகர்ந்தால் போடுவார். பயணத் திட்டம் அச்சடித்த தாளால் சித்தி விசிறிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் மாமியார் போன்: "இடது வரிசை நகருது, அதுக்கு மாறுங்க." "அம்மா, அது பழைய படம்" என்று மனைவி சொன்னது எடுபடவில்லை.

சோதனை இடத்தில் அதிகாரி குனிந்து முள்ளைப் பார்த்தார். வியர்வையில் குளித்திருந்த சித்தியைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

ஜொகூர் பாருவில் நுழைந்ததும் சித்தப்பா முதல் பெட்ரோல் நிலையத்துக்கு இண்டிகேட்டர் போட்டாராம். சித்தி கையைத் தட்டிவிட்டார். "முதல்ல ஏசி. அப்புறம் உங்க பெட்ரோல்."