பேனிடம் இருக்கும் பழைய கணக்கு

மழை விடவில்லை. அக்கா மகளைப் பிடித்து உட்காரவைத்துப் பேன் சீப்பு போட்டுக்கொண்டிருந்தார் அப்பத்தா. கன்னத்தில் பூசியிருந்த தனகா, அதான் பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து, கண்ணீரில் கரைய, "மெதுவா அப்பத்தா, வலிக்குது!"

துண்டில் விழுந்த ஒன்றைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு கால். ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கொக்கி, ஒற்றை முடியைச் சுற்றிப் பிடிக்க அளவெடுத்துச் செய்தது மாதிரி.

இதற்குக் குதிக்கத் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால்தான் இடம் மாறும். அதனால் நம் வம்சம் போன வழியெல்லாம் இதன் மரபணுவில் பதிந்து கிடக்கிறது.

இதன் பங்காளி துணிப் பேன். குடியிருப்பது துணியின் தையல் மடிப்பில். ரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வரும். துணி இல்லையென்றால் அதற்குப் பிழைப்பு இல்லை.

அப்படியானால் இரண்டும் எப்போது பிரிந்தன என்று பார்த்தால், மனிதன் எப்போது உடுத்தத் தொடங்கினான் என்று தெரிந்துவிடுமே? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் ரீட் குழு மரபணுவை வைத்துக் கணக்கிட்டு 2011இல் சொன்னது: சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்காவை விட்டுக் குளிர் நாடுகளுக்குப் பரவுவதற்கு வெகு முன்பே! அந்தக் காலத்துத் தோலும் துணியும் மக்கிப்போயின. பேன்தான் மிச்சம்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சம். மறைவிடத்துப் பேனின் நெருங்கிய சொந்தம் கொரில்லாவின் பேன். முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரிடம் தாவியதாம். உடனே தப்பாக யோசிக்காதீர்கள். கொரில்லா தூங்கி எழுந்த இடத்தில் படுத்தாலே ஒட்டியிருக்கும் என்கிறார்கள்.