சுவரைப் பிரிந்த ஓவியங்கள்

பாரிசிலிருந்து வேகத் தொடர்வண்டியில் பார்சலோனா செல்ல ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. சனிக்கிழமை விடியற்காலையில் ஏறிய நான், மதிய உணவை முடித்துக்கொண்டு மொன்ஜுயிக் குன்றின் மேலுள்ள கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தை அடைந்தேன். 1929ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட அரண்மனை அது. சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் கூட்டம் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் வாசலில் நின்று நகரத்தைப் படமெடுப்பதிலேயே மும்முரமாக இருந்தனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலய ஓவியங்களுக்கான கூடங்களில் நான் முதலில் கண்டது ஓவியத்தை அல்ல, அதன் முதுகை. கவிழ்த்து வைத்த தோணியின் விலாச்சட்டங்களைப் போல வளைந்து நின்ற மரச்சட்டகம் ஒன்றைச் சுற்றி முன்பக்கம் வந்தபோதுதான், அதன் உட்குழிவில் ஒரு தேவாலயப் பீடத்தின் பின்சுவர் முழுவதும் வண்ணத்தோடு விரிந்திருப்பது தெரிந்தது.

இவை பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. 1919ஆம் ஆண்டில், மூர் என்ற ஊரின் தேவாலய ஓவியங்கள் வணிகர்களால் வாங்கிப் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னர் அவை அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. மற்றவையும் அதேபோலக் கடல் கடந்துவிடும் என்று அஞ்சிய பார்சலோனாவின் அருங்காட்சியகக் குழுவினர், மூர் ஓவியங்களைப் பெயர்த்த ஸ்தெஃபனோனி என்ற இத்தாலியக் கைவினைஞரின் குழுவையே அமர்த்தி, 1923 வரை ஊர் ஊராகச் சென்று ஓவியங்களை எடுத்து வந்தனர். விலங்குப் பசை தோய்த்த துணியை ஓவியத்தின்மேல் ஒட்டிக் காயவிட்டு இழுத்தால், வண்ணப்படலம் துணியோடு உரிந்து வந்துவிடும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலையிறக்கி, நகரத்தில் வேறு துணிக்கு மாற்றி, பழைய சுவரின் வளைவுக்கேற்பச் செய்த மரச்சட்டகத்தில் பொருத்தினார்கள். கோழியின் தோலை உரிப்பதுபோல் ஓவியத்தை உரித்திருக்கிறார்கள் என்று எண்ணியபோது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

போயி பள்ளத்தாக்கிலுள்ள தாவுல் ஊரின் சான்ட் கிளிமென்ட் தேவாலயத்து ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஆயர் ரமோன் அந்தத் தேவாலயத்தை நேர்ந்தளித்தார். ஓவியரின் பெயர் தெரியாததால் 'தாவுல் ஆசான்' என்றே அவரைக் குறிக்கிறார்கள். கிறிஸ்து ஒரு கையால் ஆசி வழங்கி, மறு கையில் 'உலகின் ஒளி நானே' என்று இலத்தீனில் எழுதிய நூலை ஏந்தியிருக்கிறார். ஓவியத்திலுள்ள நீலம் பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து பெறப்பட்டது. இவ்வளவு கம்பீரத்துக்கும் நடுவே, நற்செய்தியாளர்களின் அடையாளமான சிங்கத்தின் பின்னங்காலை ஒரு வானதூதரும் காளையின் வாலை இன்னொருவரும் பிடித்திருப்பதைக் கண்டு என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

தஞ்சைப் பெரிய கோவிலிலும் சோழர் ஓவியங்களை மறைத்திருந்த நாயக்கர் கால ஓவியங்களைத் தொல்லியல் துறையினர் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே மேலடுக்கை எடுத்ததும் உள்ளே இன்னோர் ஓவியம் வெளிப்பட்டது. தாவுலில் எஞ்சியது ஏறக்குறைய வெறுஞ்சுவர். இப்போது அந்தச் சுவரில் பழைய ஓவியத்தை ஒளிவீச்சாகக் காட்டுகிறார்கள். எடுத்திராவிட்டால் இவையும் பாஸ்டனுக்கோ வேறெங்கோ போயிருக்கலாம் என்பது உண்மையே. எனினும், விளக்கொளிக்கும் செபத்துக்குமாக வரைந்த ஒன்றைக் குளிரூட்டிய கூடத்தில் காண்பதில் ஒரு குறை இருக்கவே செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இம்முறை கட்டணம் செலுத்தி, மறுபடியும் அங்கேயே போனேன். முதல் நாள் கவனிக்கத் தவறிய, விவிலியக் கதையில் வரும் ஏழை இலாசரை, தாவுல் ஓவியத்தின் உட்குழிவை அடுத்த வளைவில் கண்டேன். செல்வனின் கதவருகே ஊன்றுகோலோடு கிடக்கும் அவருடைய புண்களை ஒரு நாய் நக்கிக்கொண்டிருக்கிறது. வண்டிக்கு நேரமாகும்வரை அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.